ஊசி போட வரும் நாளில் இன்னும் பத்து நிமிடம்

இலங்கையின் வடக்கே வன்னியில் பிறக்கும் ஒரு பிள்ளை பள்ளிக்கூட வாசலை மிதிப்பதற்குள் சுகாதாரத் துறையை எத்தனை தடவை சந்திக்கிறது என்று எண்ணிப் பார்த்தால் கொஞ்சம் வியப்பாகத்தான் இருக்கும். பிறந்ததும் ஆஸ்பத்திரியிலேயே காசநோய்க்கு எதிரான பி.சி.ஜி. ஊசி. 2, 4, 6 மாதங்களில் ஐந்து நோய்களுக்கு ஒன்றாகப் போடும் ஊசி, கூடவே போலியோச் சொட்டு மருந்து. 9ஆம் மாதம் சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா மூன்றுக்குமான எம்.எம்.ஆர்., 12ஆம் மாதம் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஊசி, 18ஆம் மாதம் முக்கூட்டு ஊசி, 3 வயதில் மீண்டும் எம்.எம்.ஆர்., 5 வயதில் வேறொரு ஊசி. நடுவில் 2 வயது வரை மாதாமாதம் நிறை பார்க்க வேண்டும், அதன்பின் 3 மாதத்துக்கு ஒருதடவை. இவ்வளவுக்கும் முன்னால், பிள்ளை பிறந்த முதல் பத்து நாளுக்குள்ளேயே குடும்ப நல உத்தியோகத்தர், அதாவது மிட்வைஃப், ஸ்கூட்டியில் படலையடிக்கு வந்துவிடுகிறார்.

வேறெந்தத் திணைக்களத்துக்கும் இந்த வாய்ப்பு இல்லை. முன்பள்ளி ஆசிரியர் பிள்ளையைக் காண்பது 3 வயதை ஒட்டித்தான். பிரதேச செயலகத்தில் முன்பிள்ளைப் பருவ அபிவிருத்திக்கென்று உத்தியோகத்தர் இருந்தாலும், மல்லாவிக்கு அப்பால் ஒரு வளவில் ஆறு மாதப் பிள்ளை ஒன்று இருக்கிறது என்பதை மிட்வைஃப் சொன்னால்தான் அவருக்குத் தெரியும். ஆக, முதல் மூன்று வருடமும் அந்தப் பிள்ளையைத் தவறாமல் காணும் அரசாங்க ஆள் மிட்வைஃப் ஒருவர்தான்.

காணும்போது என்ன நடக்கிறது? தராசில் போடுகிறார்கள். நிறையைப் பதிவேட்டில் புள்ளி வைத்துக் கோடு இழுக்கிறார்கள். ஊசி, காய்ச்சல் வந்தால் கொடுக்கப் பரசிற்றமோல் பாணி, அடுத்த திகதி. இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கிய நாளிலிருந்து இலங்கை கட்டியெழுப்பிய இந்த ஒழுங்குதான், போர் முடிந்த வன்னியிலும் தடுப்பூசியை வீட்டு வாசல்வரை கொண்டுபோனது. ஆனால் பிள்ளையின் மூளை வளர்ச்சிக்கு வேண்டிய கதையும் விளையாட்டும் அந்தச் சந்திப்பில் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. எத்தனையாவது மாதத்தில் சிரிக்க வேண்டும், எழும்பி இருக்க வேண்டும், சொல் பேச வேண்டும் என்று பதிவேட்டிலேயே ஒரு பக்கம் இருக்கிறது. நிறைக் கோட்டைப் பார்க்கிற ஆர்வத்தோடு அந்தப் பக்கத்தை யாரும் புரட்டுவதை நான் கண்டது குறைவு.

உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் உலக வங்கியும் சேர்ந்து 2018 மே மாதம் வெளியிட்ட பராமரிப்புச் சட்டகம், சிறு பிள்ளைக்கு ஐந்து விடயங்கள் வேண்டும் என்கிறது: நல்ல உடல்நலம், போதிய போசாக்கு, பாதுகாப்பு, பிள்ளையின் குறிப்பறிந்து பதில் தரும் பராமரிப்பு, சிறு வயதிலேயே கற்கும் வாய்ப்பு. முதல் இரண்டையும் எங்கள் கிளினிக்குகள் ஓரளவுக்குச் செய்துவிடுகின்றன. பாதுகாப்பைப் பற்றி ஒன்றிரண்டு சொல் சொல்கின்றன. கடைசி இரண்டும்தான் விடுபடுகின்றன.

குறிப்பறிந்து பதில் தருவது என்றால் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. பிள்ளை 'ங்' என்றால் தாயும் 'ங்' என்பது. அது பார்க்கும் பக்கம் தானும் பார்த்து, "காகமா? காகம் வந்திருக்கா?" என்பது. இந்தக் கொடுக்கல் வாங்கல் எவ்வளவு முக்கியம் என்பதை அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் ட்ரோனிக் 1970களில் மிக எளிமையான ஒரு பரிசோதனையால் காட்டினார். தாய் முதலில் பிள்ளையோடு வழக்கம்போலச் சிரித்துக் கதைப்பார். பிறகு இரண்டு மூன்று நிமிடம் முகத்தை எந்த அசைவும் இல்லாமல் வைத்துக்கொள்வார். பிள்ளை முதலில் சிரித்துப் பார்க்கும், கையை நீட்டும், சத்தம் போடும். எதற்கும் பதில் வராவிட்டால் முகத்தைத் திருப்பும், அழும். சில மாதக் குழந்தை, சில நிமிட மௌனம், அவ்வளவுதான். போனைப் பார்த்தபடி பால் கொடுக்கும் முகமும் பிள்ளைக்கு ஏறக்குறைய அதே முகம்தான் என்பது என் எண்ணம்.

அம்மம்மா இல்லாத வீடுகள்

'இதையெல்லாம் எங்கட ஆக்கள் எந்தக் காலமும் செய்ததுதானே, இதுக்கு மிட்வைஃப் வந்து சொல்லவேணுமோ?' என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். பிள்ளைத்தமிழின் பருவங்களைப் பாருங்கள்: ஐந்தாம் மாதத்தை ஒட்டிக் கையூன்றித் தலையாட்டும் செங்கீரை, ஒன்பதாம் மாதமளவில் கை கொட்டும் சப்பாணி, ஒரு வயதைத் தாண்டும்போது 'வா' என்று அழைக்க நடந்து வரும் வருகை, அதன் பின் நிலாவைக் காட்டிக் கதைக்கும் அம்புலி. இன்றைய வளர்ச்சி அட்டவணைகள் சொல்லும் மாதங்களுக்கும் இவற்றுக்கும் பெரிய தூரமில்லை. பிள்ளையோடு எந்த மாதம் எதை விளையாடுவது என்ற அறிவு எங்களிடம் இருந்தது, வீட்டுக் கிழவிகளின் கையில் இருந்தது.

வன்னியில் அந்தக் கைமாற்றம் பல வீடுகளில் அறுந்துவிட்டது. இன்று 25 வயதை ஒட்டிய தாய்மார், போர் முடிந்த 2009 மே மாதத்தில் எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகள். அவர்களில் பலர் கிளிநொச்சியிலிருந்து கிழக்கே, பரந்தன் முல்லைத்தீவு வீதி வழியே இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து கடைசியில் கடற்கரை வரை போனவர்கள், பிறகு செட்டிகுளம் மனிக் பாம் முகாமில் கூடாரத்தில் இருந்தவர்கள். அந்த முகாம் மூடப்பட்டது 2012 செப்டெம்பரில். தம்பி தங்கை வளர்வதை முற்றத்தில் இருந்து பார்த்துப் பழகும் வயதை அவர்கள் பதுங்கு குழியிலும் முகாமிலும் கழித்தார்கள். சிலருக்குத் தாய் இல்லை, பலருக்கு அம்மம்மா இல்லை. மீள்குடியேற்றத்தில் வீட்டுத்திட்டம் கிடைத்த இடத்தில் அயலவர் வேறு ஊர்க்காரர். காலையில் கணவன் கூலி வேலைக்கோ கடலுக்கோ போனால் வளவில் தாயும் பிள்ளையும் போனும்தான் மிச்சம்.

இதோடு கடன், கணவனின் குடி, காணாமல் போன சகோதரனைத் தேடி இன்னும் அலையும் மாமி என்று எத்தனையோ இருக்கின்றன. மனம் சோர்ந்த தாய்க்குப் பிள்ளையோடு கதைக்கச் சத்து இருக்காது. அது அவளுடைய குற்றம் இல்லை. யாழ்ப்பாணத்தின் தென்மராட்சியில் ஒரு கூட்டுக் குடும்பத்தில் தானாக நடப்பதை வன்னியின் முத்தையன்கட்டில் யாராவது சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது என்றால் காரணம் இதுதான். வன்னிப் பிள்ளைகளின் நிலையைக் காட்டும் புள்ளிவிவரங்களும் பிந்தித்தான் வந்தன. நாட்டின் 25 மாவட்டங்களையும் உள்ளடக்கிய குடித்தொகை, சுகாதார ஆய்வு 2016இல்தான் நடந்தது. அதற்கு முன்னைய 2006, 2007 ஆய்வில் வட மாகாணம் இல்லை. 2016இல் நாடளாவிய அளவில் ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் 17 வீதமானவர்கள் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள், 15 வீதமானவர்கள் உயரத்துக்கேற்ற நிறை இல்லாதவர்கள்.

வேறு நாடுகள் செய்து பார்த்தவை

கட்டையாய்ப்போன பிள்ளைக்குச் சாப்பாடு மட்டும் போதுமா என்று தீவிரமாகச் சோதித்த இடங்களில் ஒன்று ஜமேக்கா. 1980களின் நடுப்பகுதியில் சாலி கிரந்தம் மக்ரகர் என்ற மருத்துவரின் குழு, கிங்ஸ்டன் நகரத்து ஏழை வீடுகளில் 9 மாதத்துக்கும் 24 மாதத்துக்கும் இடைப்பட்ட 129 பிள்ளைகளை எடுத்துக்கொண்டது. எல்லாரும் வளர்ச்சி குன்றியவர்கள். ஒரு பகுதியினரின் வீடுகளுக்குச் சமூக சுகாதாரப் பணியாளர் கிழமைக்கு ஒரு மணித்தியாலம் போய், தாயும் பிள்ளையும் சேர்ந்து விளையாடப் பழக்கினார். இரண்டு வருடம் இது நடந்தது. விளையாட்டுச் சாமான்கள் வீட்டுக் குப்பையிலிருந்து செய்தவை. இருபது வருடம் கழித்துப் பார்த்தபோது, அந்த விளையாட்டுக் கிடைத்தவர்களின் உழைப்பு கிடைக்காதவர்களைவிட 25 வீதம் கூடுதலாக இருந்தது. அந்த முடிவு 2014இல் வெளியானது.

அதே 2014இல் பாகிஸ்தானின் சிந்து மாகாணத்திலிருந்து இன்னொரு முடிவு வந்தது. அங்கே எங்கள் மிட்வைஃப் போல வீடுவீடாகப் போகும் பெண் சுகாதாரப் பணியாளர்கள் இருக்கிறார்கள். அவர்களின் வழமையான மாத வருகையோடும் ஊர்க்கூட்டத்தோடும் விளையாட்டையும் கதையையும் சேர்த்தார்கள். இரண்டு வயதில் அந்தப் பிள்ளைகளின் அறிவு, மொழி, உடலசைவு மூன்றும் மேம்பட்டிருந்தன. தனியே போசாக்கை மட்டும் கூட்டிய பகுதியில் இந்த மூன்றிலும் கிடைத்த பலன் அதைவிடக் குறைவு.

எங்கள் நிலைமைக்கு இன்னும் கிட்ட வருவது ஜமேக்கா, அன்டிகுவா, சென்ட் லூசியா ஆகிய மூன்று தீவுகளில் நடந்து 2015இல் வெளியான ஆய்வு. அதில் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. 3 மாதத்துக்கும் 18 மாதத்துக்கும் இடையில் தாய்மார் எப்படியும் கிளினிக்குக்கு வரும் ஐந்து தடவைகளை மட்டும் பயன்படுத்தினார்கள். காத்திருக்கும் இடத்தில் சின்னச் சின்னப் படங்கள் ஓடின. அவை முடிய ஒரு பணியாளர் அதைப்பற்றிக் கதைத்து, செய்துகாட்டி, தாய்மாரைச் செய்ய வைத்தார். தாதி கடைசியில் ஒரு சிறு அட்டையைக் கொடுத்து இரண்டு வார்த்தை சொன்னார். ஒரு படப்புத்தகமும் ஒரு புதிர்ப் பலகையும் வீட்டுக்குக் கொடுத்தார்கள். பலன்: பிள்ளைகளின் அறிவு வளர்ச்சி ஓரளவு கூடியது, தாய்மாருக்கு விடயம் தெரிந்திருந்தது. மொழியில் தெளிவான முன்னேற்றம் இல்லை. தாய்மாரின் மனச்சோர்வும் குறையவில்லை.

இந்த மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கணக்கு விளங்கும். கிழமைக்கு ஒருதடவை போனால் பலன் பெரிது, செலவும் பெரிது. ஊசி நாளோடு ஒட்டினால் பலன் சிறிது, செலவு கிட்டத்தட்ட இல்லை. வன்னி முழுவதற்கும் இரண்டாவது வழியை இப்போதே தொடங்கலாம். வீட்டுக்குப் போவதை குறை மாதத்தில் பிறந்த, நிறை ஏறாத, தாய் மனம் சோர்ந்த வீடுகளுக்கு ஒதுக்கி வைக்கலாம். எல்லா வீட்டுக்கும் போவோம் என்று திட்டம் எழுதுபவர்கள் முல்லைத்தீவு வரைபடத்தை ஒருதடவை பார்க்க வேண்டும். ஒரு மிட்வைஃபுக்கு ஏறக்குறைய 3000 பேர் என்பது நாட்டு வழக்கம். 2012 குடிசனக் கணக்கின்படி முல்லைத்தீவு மாவட்டத்தில் சுமார் 92,000 பேர்தான், பரப்பு 2600 சதுர கிலோமீற்றருக்கு மேல். காடு, குளம் எல்லாம் சேர்த்துச் சராசரி போட்டால் அந்த 3000 பேரைத் தேட 80 சதுர கிலோமீற்றருக்கு மேல் சுற்ற வேண்டும். கார்த்திகை மழையில் வீதியை வெள்ளம் மூடினால் அதுவும் இல்லை. வெற்றிடம் நிரப்பாத பிரிவையும் பக்கத்துப் பிரிவுக்காரரே பார்க்கும்போது நிலைமை இன்னும் மோசம்.

எந்த ஊசிக்கு என்ன கதை

பெரும்பாலும் இந்தத் திட்டங்கள் பிழையாய்ப் போவது, ஒரு நீண்ட போதனையாக மாறும்போதுதான். நாற்பது தாய்மார் பொதுநோக்கு மண்டபத்தில் இருக்க, ஒருவர் 'பிள்ளைகளுடன் தரமான நேரம் செலவிட வேண்டும்' என்று சொல்லிவிட்டுப் போவார். ஒரு தாயும் அதை வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டாள். உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் 2012இல் வெளியிட்ட பயிற்சித் தொகுப்பின் சாரமும் இதுதான்: சொல்லாதே, பிள்ளையை மடியில் வைத்துத் தாயையே செய்ய விடு, அவள் செய்யும்போது நல்லதைக் கண்டு பாராட்டு, வீட்டில் என்ன தடை வரும் என்று கேள்.

2 மாத ஊசிக்கு வரும்போது 31ஆம் நாள் துடக்குக் கழிந்து தாய் அப்போதுதான் வெளியே வரத் தொடங்கியிருப்பாள். பிள்ளைக்கு ஒரு முழத்துக்கும் குறைவான தூரத்தில் உள்ள முகம்தான் நன்றாகத் தெரியும். அங்கேயே, வாங்கில் இருந்தபடி, முகத்தைக் கிட்டக் கொண்டுபோய்ச் சத்தம் கொடுத்து, பிள்ளை பதில் தரும்வரை பொறுக்கச் சொன்னால் போதும். அந்தப் பொறுத்தல்தான் பலருக்கு வராது. நாங்கள் பிள்ளைக்குப் பதில் சொல்ல இடம் விடாமல் கதைத்துக்கொண்டே போகிறோம்.

6 மாதம் சோறு தீத்தத் தொடங்கும் நேரம். இங்கேதான் போன் நுழைகிறது. யூடியூப்பைப் போட்டால் பிள்ளை வாயைத் திறக்கும், உண்மைதான். உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டல் ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குத் திரையே வேண்டாம் என்கிறது, ஒரு வயதிலும் அதைப் பரிந்துரைக்கவில்லை, 2 வயதில் அதிகம் போனால் ஒரு மணித்தியாலம். ஆனால் 'போன் குடுக்காதேங்கோ' என்று மட்டும் சொன்னால் தாய் தலையாட்டிவிட்டுப் போவாள், அவ்வளவுதான். சமைக்கும்போது பிள்ளை கத்தினால் வேறென்ன செய்வது என்பதற்கு மிட்வைஃபிடம் பதில் இருக்க வேண்டும்: பாயில் இருத்தி, சின்னதும் பெரிதுமாய் நாலு சிரட்டை, ஒரு அகப்பை, மூடியுள்ள ஒரு பிளாஸ்ரிக் டப்பா. கடையில் வாங்கும் எதையும்விட அவை நல்லவை. புளியங்கொட்டை, மணி போன்ற சின்னச் சாமான் மட்டும் கூடாது, தொண்டையில் இறுகிவிடும்.

9 மாத ஊசிக்கு, துவாயால் முகத்தை மூடி மூடித் திறக்கும் விளையாட்டு. கண்ணுக்கு மறைந்தது இல்லாமல் போகவில்லை என்று பிள்ளை கண்டுபிடிக்கும் பருவம் இது. மடியில் இருந்து விளையாடிக் காட்ட ஒரு நிமிடம் போதும். பிள்ளையும் சிரிக்கும், வரிசையில் உள்ள மற்றவர்களும் சிரிப்பார்கள். ஊசி அழுகைக்கும் அது நல்ல மருந்து.

12 மாதத்தில் தாய்மார் கேட்பது ஒரே கேள்வி: 'பக்கத்து வீட்டுப் பிள்ளை நடக்குது, என்ர பிள்ளை இன்னும் நடக்கேல்ல, ஏன் மிஸ்?' உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட அளவீட்டின்படி, ஆரோக்கியமான பிள்ளைகள் தனியே நடக்கத் தொடங்குவது 8 மாதத்துக்கும் 17 மாதம் கடந்த காலத்துக்கும் இடையே. தவழாமலே நடந்துவிடும் பிள்ளைகளும் நூற்றுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். இதைச் சொன்னால் பல வீடுகளில் மாமியாரின் வாயும் அடங்கும். ஆனால் ஒரு வயதில் கவனிக்க வேண்டியது வேறு: விரலால் சுட்டிக்காட்டுகிறதா, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறதா. இவை இரண்டும் இல்லாவிட்டால் காதைச் சோதிக்க வேண்டும், பிறகு வளர்ச்சியை முழுமையாகப் பார்க்க வேண்டும். நடை பிந்துவதைப்பற்றி எல்லாரும் கதைப்பார்கள், சுட்டுவிரலை யாரும் கவனிப்பதில்லை.

18 மாதத்துக்குப் பெயர் சொல்லிக்கொடுக்கும் விளையாட்டுகள். கூடவே கிணறு. கட்டில்லாத கிணறும் வளவுக்குப் பக்கத்து வாய்க்காலும் உள்ள ஊர்களில் ஓடத் தொடங்கிய பிள்ளைக்கு அவைதான் முதல் ஆபத்து, மற்றதெல்லாம் பிறகு.

பதினெட்டு மாதத்துக்குப் பிறகு வரும் ஓட்டை

ஊசி அட்டவணையைக் கூர்ந்து பார்த்தால் ஒரு சிக்கல் தெரியும். 18 மாதத்துக்கும் 3 வயதுக்கும் இடையே ஒரு ஊசியும் இல்லை. பிள்ளையின் சொற்கள் ஒன்று இரண்டிலிருந்து நூற்றுக்கணக்காய்ப் பெருகும் காலமும் அதேதான். 2 வயதில் இரண்டு சொல்லைச் சேர்த்துப் பேசாத பிள்ளையைக் கண்டுபிடிக்க வேண்டிய நேரத்தில் அது கிளினிக்குக்கு வராமல் போகலாம். மேலே சொன்ன கரீபியன் ஆய்வும் 18 மாதத்தோடு நின்றது. மொழியில் பலன் தெரியாததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று நான் நினைக்கிறேன்.

நிறை பார்க்கும் நாட்கள் இந்த ஓட்டையை அடைக்கக்கூடியவை. ஆனால் 2 வயதுக்குப் பிறகு அங்கே தாய்மாரை இழுப்பது பெரும்பாலும் அரசாங்கம் இலவசமாகக் கொடுக்கும் சத்துமாவான திரிபோஷாதான். 2022 பொருளாதார நெருக்கடியில் திரிபோஷாத் தட்டுப்பாடு வந்தது எல்லாருக்கும் நினைவிருக்கும். பொதி இல்லாத நாளில் கூலிவேலையை விட்டுவிட்டு மூன்று மைல் நடந்து வர ஒரு தாய்க்கு என்ன இருக்கிறது? பிள்ளைக்கு விளையாட நாலு சாமான், பார்க்க ஒரு படப்புத்தகம், கதைக்க வேறு தாய்மார் என்று அந்த நாளில் ஏதாவது இருந்தால் வருவாள். ஓலைக் கிலுகிலுப்பையும் பனங்காய் வண்டிலும் செய்யத் தெரிந்த அப்பப்பாக்கள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள், அவர்களையும் கூப்பிடலாம். தகப்பன்மார் வரவேண்டும் என்றால் கிளினிக் வைக்கும் நாளை மாற்ற வேண்டும். வார நாளில் காலை ஒன்பது மணிக்கு எந்தத் தகப்பன் வருவான்?

யார் கதைப்பது என்பதும் தீர்க்க வேண்டியது. தராசும் பதிவேடும் ஊசிப் பட்டியலும் மிட்வைஃப் கையில் இருக்க, இதையும் அவர் தலையில் கட்டினால் பதிவேட்டில் இன்னொரு சரி அடையாளமாக அது முடிந்துவிடும். காத்திருக்கும் ஒரு மணித்தியாலத்தை வேறொருவர் எடுத்துக்கொள்ள வேண்டும்: ஊர்த் தாய்மார் குழுவில் பயிற்சி பெற்ற ஒருவர், பிற்பகல் ஓய்வாயிருக்கும் முன்பள்ளி ஆசிரியர், பிரதேச செயலகத்து உத்தியோகத்தர். மிட்வைஃப் கடைசியில் பதிவேட்டை நீட்டும்போது 'இண்டைக்கு என்ன விளையாடினீங்கள்?' என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். அவர் கேட்டால்தான் தாய் அதை முக்கியம் என்று எடுப்பாள்.

பிந்தும் பிள்ளையைக் கண்டுபிடித்தால் எங்கே அனுப்புவது என்ற கேள்விக்கும் கிளினிக் தொடங்கும் முன்பே விடை வேண்டும். பேச்சுச் சிகிச்சைக்கும் காதுச் சோதனைக்கும் துணுக்காயிலிருந்தோ கொக்கிளாயிலிருந்தோ பஸ் மாறி மாறிக் கிளிநொச்சிக்கு, சில வேளை யாழ்ப்பாணத்துக்கு, மாதக்கணக்கில் போய்வர வேண்டும். ஒரு நாள் போனால் ஒரு நாள் கூலி இல்லை. பயணக் காசு கொடுக்க முடியாவிட்டால், சிகிச்சையாளர் மாதம் ஒருநாளாவது சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளுக்கு வர ஒழுங்கு செய்வது மாகாண சுகாதாரத் திணைக்களத்தின் வேலை.